கொடியில் பச்சை எப்போது வந்தது?





04.02.2023 சனிக்கிழமை எமது ஆரம்பப் பாடசாலையில் இலங்கையின் 75ஆவது சுதந்திர தின நிகழ்வு எளிமையாக நடந்து முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். படங்களை ஏற்கனவே பலரும் பகிர்ந்துவிட்டீர்கள். அந்தப் படங்களில் விழாத ஒரு சிறிய சம்பவத்தையும் அதற்குப் பின்னால் உள்ள வரலாற்றையும் எழுதிவைக்க நினைத்தோம். பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

தரம் 5 பிள்ளைகள் தேசியக் கொடியை வரைந்து மண்டபச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். வந்தவர்களுக்கு அதை விளக்கும் பொறுப்பு ஒரு மகளுக்கு. "இந்தப் பச்சை நிறம் முஸ்லிம்களைக் குறிக்கும், செம்மஞ்சள் தமிழர்களைக் குறிக்கும்" என்று அவள் மனப்பாடம் செய்ததைச் சொல்லிக்கொண்டு வரும்போது, முன் கதிரையில் இருந்த எமது ஊரின் மூத்த ஹாஜியார் ஒருவர் குறுக்கிட்டார். அவருக்கு 82 வயது. 1948இல் இதே பாடசாலை ஓலைக் கொட்டிலாக இருந்தபோது படித்தவர்.

"இல்ல மகள். எங்களுக்கு அண்டைக்குத் தந்த கடதாசிக் கொடில இந்தக் கோடு ஒண்டும் ஈக்கல்ல. சிங்கம் மட்டுந்தான் ஈந்திச்சி."

பிள்ளை விடவில்லை. "இல்ல மூத்தவாப்பா, புத்தகத்தில இப்பிடித்தான் ஈக்கி!"

மண்டபமே சிரித்தது. ஹாஜியாரும் சிரித்துக்கொண்டே, அன்று கொடியோடு ஆளுக்கொரு பணிஸ் தந்ததையும், தென்னங்குருத்துத் தோரணம் கட்டியதையும் சொன்னார். ஆனால் கூட்டம் கலைந்த பிறகும் பலர் எங்களிடம் வந்து, "சேர், உண்மையில யார் சொன்னது சரி?" என்று கேட்டார்கள்.

இருவர் சொன்னதும் சரி. ஹாஜியார் கண்டது 1948இன் கொடி. மகள் வரைந்தது 1951இன் கொடி. இடைப்பட்ட அந்த மூன்று வருடங்களில் நடந்தது எங்கள் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, எங்களில் பலருக்கே தெரியாது.

அதைச் சொல்வதற்கு முன், ஊர் வாட்ஸ்அப் குழுமத்தில் நிகழ்வுக்கு முந்திய வாரம் எழுந்த இரண்டு கேள்விகளை மறைக்காமல் எழுத வேண்டும். ஒருவர் கேட்டார்: "நாடே வங்குரோத்து. பிள்ளைக்குக் கொப்பி வாங்க வழியில்ல. இதுக்குள்ள என்ன விழா?" நியாயமான கேள்வி. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. அதே வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. கொழும்பில் நடக்கும் விழாவுக்கு 20 கோடி ரூபா என்று செய்திகளில் வாசித்தபோது எங்களுக்கும் கோபம் வந்தது.

இன்னொரு தம்பி இன்னும் கடுமையாக எழுதினார்: "எங்கட கடையை எரிச்சாங்க. எங்கட மையத்தை எரிச்சாங்க. நாங்க ஏன் கொடி ஏத்தணும்? நாங்களும் இந்த நாட்டு ஆள்தான் எண்டு யாருக்குக் காட்ட?" கண்டி மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்குக் கோபப்பட முடியாது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை என்று எரிந்த கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் நாங்கள் கண்ணால் பார்த்தவை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு பஸ்ஸில் எங்களைப் பார்த்த பார்வையும், கொவிட் காலத்தில் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதும் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதல் கேள்விக்கு நிகழ்வே பதில் சொன்னது. யாரிடமும் காசு சேர்க்கவில்லை. கதிரைகள் ஜனாஸா நலன்புரிச் சங்கத்துடையவை. ஒலிபெருக்கி பள்ளிவாசல் நிர்வாகம் தந்தது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தாய்மார் வீட்டுக்கு வீடு ஒரு சுண்டு அரிசி, ஒரு தேங்காய் என்று சேர்த்துப் பாற்சோறு ஆக்கினார்கள். காலையில் சிரமதானம் செய்து, பின் மதிலோரம் பலாக் கன்றுகள் நட்டோம்.

இரண்டாவது கேள்விக்கான பதில் வரலாற்றில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

சிங்கக் கொடியில் இருந்து தொடங்குவோம். அது கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடி. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்தோடு இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கொடியும் இங்கிலாந்துக்குப் போனது. நூறு வருடங்களுக்குப் பிறகு ஈ.டபிள்யூ. பெரேரா அதை லண்டன் செல்சியில் உள்ள பழைய இராணுவ வீரர் இல்லத்தில் தேடிப் பிடித்து நாட்டுக்கு அறியத்தந்தார்.

அந்தக் கண்டி இராச்சியத்தில் எங்கள் முன்னோர் வெளியாட்களாக இருக்கவில்லை. பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் மலைக்கு ஏற்றி, பாக்கும் மிளகும் கரைக்கு இறக்கிய போக்குவரத்துப் பகுதிக்கு 'மடிகே பத்த' என்று பெயர். அதில் பெரும்பாலும் முஸ்லிம்களே பணிபுரிந்தார்கள். இன்றும் மடிகே என்ற பெயரில் எங்கள் பக்கத்தில் ஊர்கள் உள்ளன. அரண்மனை வைத்தியம் பார்த்த முஸ்லிம் குடும்பங்களும் இருந்தன. போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, 17ஆம் நூற்றாண்டில் கிழக்கில் அவர்களுக்குக் குடியிருக்க இடம் கொடுத்தவன் கண்டி மன்னன் செனரத். ஆகவே, அந்தச் சிங்கம் பறந்த இராச்சியத்தில் வரி கட்டி, சுமை தூக்கி, மருந்து அரைத்து வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள்.

இனி 1948க்கு வருவோம். சுதந்திரம் கிடைக்க மூன்று வாரங்களே இருந்தன. சுதந்திர நாட்டுக்கு எது கொடி என்று இன்னும் முடிவாகவில்லை. 1948 ஜனவரி 16ஆம் திகதி பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, கண்டி மன்னனின் சிங்கக் கொடியையே சுதந்திர இலங்கையின் கொடியாக ஏற்க வேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தார். அவர் யார் தெரியுமா? மட்டக்களப்புத் தொகுதியின் உறுப்பினர் முதலியார் அ. சின்னலெப்பை. ஒரு முஸ்லிம். கிழக்கு மாகாணத்தவர்.

நிகழ்வில் இதைச் சொன்னபோது மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. முன்னர் கோபமாக எழுதிய அதே தம்பி, பின்வரிசையில் நின்றவர், "உண்மையாவா சேர்?" என்று கேட்டார். உண்மைதான். செனரத் மன்னன் அன்று இடம் கொடுத்த அதே கிழக்கிலிருந்து வந்த ஒருவர், கண்டி மன்னனின் கொடியைக் கேட்டு எழுந்து நின்றிருக்கிறார்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. சிங்கம் சிங்கள மன்னர்களின் சின்னம். இந்த நாட்டில் தமிழரும் முஸ்லிம்களும் ஏனையோரும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடியில் இடம் எங்கே என்ற கேள்வி உடனே எழுந்தது. பிரதமர் டி.எஸ். சேனநாயக்க ஒரு குழுவை நியமித்தார். எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தலைமையிலான அக்குழுவில் ஜே.ஆர். ஜயவர்தன, சேர் ஜோன் கொத்தலாவல, ஜீ.ஜீ. பொன்னம்பலம், செனட்டர் எஸ். நடேசன் ஆகியோரோடு எங்கள் டி.பி. ஜாயாவும் இருந்தார். அக்குழுவின் முடிவுதான் கொடிக்கம்பத்தின் பக்கமாகப் பச்சை, அதையடுத்துச் செம்மஞ்சள் என்ற இரண்டு கோடுகள். 1951இல் அது தேசியக் கொடியானது. மூலைகளில் இன்று நாங்கள் காணும் அரசமிலைகள் 1972இல் வந்தவை.

செனட்டர் நடேசன் அந்த முடிவுக்கு உடன்படவில்லை. சிங்கத்துக்கு ஒரு பெரிய கட்டமும் மற்றவர்களுக்கு ஓரத்தில் இரண்டு கோடுகளும் என்றால் அதில் சமத்துவம் இல்லை என்பது அவரது வாதம். பிள்ளைகளுக்கு இதையும் சொல்ல வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. பச்சைக்கோடு தானாக முளைத்ததல்ல, யாரோ இரக்கப்பட்டுப் போட்டதுமல்ல. மேசையைச் சுற்றி இருந்து, பேசி, வாதாடி, சிலர் உடன்பட்டு, ஒருவர் மறுத்து வந்தது அது. அந்த மேசையில் எங்கள் ஆளும் ஒருவர் இருந்தார்.

துவான் புர்ஹானுதீன் ஜாயா அந்த மேசைக்கு எப்படி வந்தார்? அவரும் எங்கள் மாவட்டத்து மண். 1890 ஜனவரி 1ஆம் திகதி கலகெதரவில் ஒரு மலாய்க் குடும்பத்தில் பிறந்தவர். தொழில் ஆசிரியர். ஆனந்தா போன்ற பௌத்த கல்லூரிகளில் படிப்பித்து, 1921இல் கொழும்பு சாஹிராக் கல்லூரியின் அதிபரானார். 1948 வரை அந்தக் கதிரையில் இருந்து, அதை நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் ஒன்றாக உயர்த்தினார்.

அரசியலில் அவர் முஸ்லிம்களின் பிரதிநிதித்துவத்துக்காக விடாமல் வாதாடியவர். சோல்பரி ஆணைக்குழுவுக்குப் பிறகு நிலைமை ஒரு முக்கியமான முடிச்சில் வந்து நின்றது. சிறுபான்மையினர் ஒத்துக்கொள்ளாவிட்டால் சுதந்திரத்தைத் தள்ளிப்போட ஆங்கிலேயருக்கு அது நல்ல காரணமாகியிருக்கும். 1945 நவம்பர் 9ஆம் திகதி அரசாங்க சபையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 51, எதிராக 3. ஜாயாவும் சேர் ராசிக் பரீதும் ஆதரவுப் பக்கத்தில் இருந்தார்கள். 1947இல் அமைந்த முதல் அமைச்சரவையில் ஜாயா தொழில், சமூக சேவை அமைச்சரானார். பின்னர் பாகிஸ்தானில் இலங்கையின் உயர்ஸ்தானிகராக இருந்தார். 1960 மே மாதம் மதீனாவில் வபாத்தாகி ஜன்னத்துல் பகீஃயில் அடக்கப்பட்டார். அல்லாஹ் அவரது கப்றை ஒளிமயமாக்குவானாக.

அடுத்தது தேசிய கீதம். இதிலும் சாஹிரா வருகிறது. ஆனந்த சமரக்கோன் சிங்களத்தில் எழுதிய கீதத்தைத் தமிழாக்கியவர் வட்டுக்கோட்டையைச் சேர்ந்த புலவர் மு. நல்லதம்பி. அவர் சாஹிராக் கல்லூரியின் தமிழாசிரியர். சிங்களவர் எழுதிய கீதத்தை, முஸ்லிம் கல்லூரி ஒன்றில் படிப்பித்த தமிழர் தமிழுக்குக் கொண்டுவந்தார். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு காலையும் கூட்டத்தில் பாடுவது அந்த ஆசிரியரின் வரிகளைத்தான். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறோம்.

1949 பெப்ரவரி 4ஆம் திகதி கொழும்பு சுதந்திர சதுக்கத்தில் சிங்களத்திலும் தமிழிலும் கீதம் பாடப்பட்டது. அதன் பிறகு நீண்ட காலம் அரச விழாவில் தமிழ் கேட்கவில்லை. 2016இல் மீண்டும் பாடியபோது பலர் கண் கலங்கினார்கள். 2020இல் மறுபடி நின்றது. அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் அந்தத் தமிழ்க் கீதம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

இத்தனையும் சொல்லிவிட்டு, சுதந்திரம் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்தது என்று எழுதினால் நாங்கள் பொய் சொன்னவர்கள் ஆவோம். எமது பாடசாலையில் மேல் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகளும் படிக்கிறார்கள். கொடி ஏறிய அதே 1948இல் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் அவர்களின் பாட்டன் பூட்டனை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைக் கப்பலேற்றியது. எஞ்சியோரின் பிரச்சினைக்குச் சட்டப்படி முடிவு வர 2003 ஆனது. கம்பளைப் பக்கம் முதல் கோப்பித் தோட்டம் போட்ட 1823இலிருந்து எண்ணினால், அந்த மக்கள் இந்த மலைக்கு வந்து 2023ஆம் ஆண்டோடு 200 ஆண்டுகள். சுதந்திரத்தின் 75ஐக் கொண்டாடும் நாம் அந்த 200ஐ மறக்கக் கூடாது. எங்களுக்கு நடந்த அநியாயத்தை மட்டும் எண்ணிக்கொண்டு, பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு நடந்ததை விட்டுவிட்டால் அது நீதியாகாது.

கோபப்பட்ட தம்பிக்கு எங்கள் பதில் இதுதான்: நாங்கள் கொடி ஏற்றுவது யாருக்கும் நிரூபித்துக் காட்டுவதற்காக அல்ல. நிரூபிக்க வேண்டியவர் வெளியாள். சின்னலெப்பையும் ஜாயாவும் வெளியாட்களாக இருந்து கொடியைக் கேட்கவில்லை. வீட்டுக்காரராக இருந்து கேட்டார்கள். கடையை எரித்தபோது எங்களுக்கு வந்த கோபமும் வீட்டுக்காரனின் கோபம்தான். அந்தப் பங்கை மறந்து ஒதுங்கிப் போனால், எரித்தவர்கள் சொன்னதை நாங்களே உண்மையாக்கியது போலாகிவிடும்.

இதெல்லாம் கொழும்பு அரசியல். ஆரம்பப் பாடசாலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது. இந்தப் பெயர்களுக்கெல்லாம் முன்னால் இன்னொரு பெயர் உண்டு: கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை. மிஷனரிப் பாடசாலைக்குப் போனால் பிள்ளை மதம் மாறிவிடும் என்ற பயத்தில் எங்கள் சமூகம் பிள்ளைகளை வீட்டில் வைத்திருந்த காலம் அது. சட்டத்தரணியாக உழைத்த அவர் 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, படியுங்கள் படியுங்கள் என்று எழுதினார். ஊர் ஊராகப் போய்ப் பாடசாலை அமைக்கச் சொன்னார். கண்டியில் பெண் பிள்ளைகளுக்கும் பாடசாலை நடத்தினார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்திருந்த ஒராபி பாஷாவும், கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காரும் அவருக்குத் தோள் கொடுத்தார்கள். 1892இல் மருதானையில் அவர்கள் தொடங்கிய மத்ரஸாதான் பின்னாளில் சாஹிரா ஆனது. சித்திலெப்பை இல்லாவிட்டால் சாஹிரா இல்லை. சாஹிராவின் அதிபர்தான் கொடிக் குழுவில் இருந்தார். சாஹிராவின் ஆசிரியர்தான் கீதத்தைத் தமிழாக்கினார். ஒரு பள்ளிக்கூடம் ஒரு நாட்டுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையா?

சித்திலெப்பை வபாத்தானது 1898 பெப்ரவரி 5. சுதந்திரத்துக்குச் சரியாக ஐம்பது வருடங்களுக்கு முன்னர். ஒவ்வொரு வருடமும் கொடியேற்றிய மறுநாள் அவரது நினைவு நாள் வருகிறது. நாங்கள் யாரும் அதை நினைப்பதில்லை. அடுத்த வருடத்திலிருந்து இரண்டையும் சேர்த்தே நடத்துவோம் என்று அதிபரிடம் கேட்டிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது 1945 ஒக்டோபர் 1. சுதந்திரத்துக்கு முன்னரே எங்களுக்குக் கிடைத்த சுதந்திரம் அது. அது இல்லாவிட்டால் இந்த ஊரிலிருந்து வைத்தியர் இல்லை, பொறியியலாளர் இல்லை, இதை எழுதும் ஆசிரியர்களும் இல்லை. அப்படிப்பட்டவர் 1947 தேர்தலில் தோற்றுப்போனார். கொடி ஏறிய அன்று அவர் பாராளுமன்றத்தில் இருக்கவில்லை.

கடைசியாக, சனிக்கிழமை நடந்த இன்னொன்று. பக்கத்துச் சிங்களப் பாடசாலையின் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் அழைத்திருந்தோம். முந்தின நாள் கூட்டத்தில் ஒரு பெற்றார் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அவங்க வாராங்க. அண்டைக்கு மட்டும் கீதத்தைச் சிங்களத்தில பாடினா நல்லம்தானே? பிரச்சினை வராம ஈக்கும்." அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பயத்தில் கேட்டார். அந்தப் பயம் எங்கள் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. நாங்களும் இரவு முழுக்க யோசித்தோம். காலையில் அந்தப் பாடசாலையின் ஆசிரியை ஒருவரிடமே கேட்டோம். அவர் ஆச்சரியமாகப் பார்த்து, "உங்கட பிள்ளைகள் வழமையா எப்பிடிப் பாடுறாங்களோ அப்பிடியே பாடட்டும். எங்கட பிள்ளைகள் அவங்கட மொழியில பாடுவாங்க" என்று சிங்களத்தில் சொன்னார்.

முதலில் விருந்தினர் பிள்ளைகள் சிங்களத்தில் பாடினார்கள். எங்கள் பிள்ளைகள் அசையாமல் நின்றார்கள். பிறகு எங்கள் பிள்ளைகள் தமிழில் பாடினார்கள். மெட்டு ஒன்றுதானே. பாதியில் அந்தப் பிள்ளைகளும் மெல்ல முணுமுணுத்தார்கள். 1949இல் சுதந்திர சதுக்கத்தில் நடந்தது 2023இல் எங்கள் பாடசாலை முற்றத்தில் நடந்தது. மௌலவி துஆ ஓதினார். பாற்சோறு பங்கிட்டோம்.

கலைந்து போகும்போது ஹாஜியார் அந்த மகளைக் கூப்பிட்டு, அவள் வரைந்த கொடியை வாங்கி, பச்சையில் விரல் வைத்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகு அவளிடம் கேட்டோம். "இந்த இடத்தில நிறம் கொஞ்சம் வெளிய போயிருக்காம் சேர். நல்லாத் தீட்டச் சொன்னாங்க."

ஊர் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளில் பாடசாலையின் பழைய படங்கள், பரிசுச் சான்றிதழ்கள், பழைய ஆசிரியர்கள் பற்றிய குறிப்புகள் ஏதும் இருந்தால் அலுவலகத்தில் தாருங்கள். படமெடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம். 1948ஐக் கண்ணால் கண்டவர்கள் எமது ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிக்க இருக்கிறோம். மூத்தவாப்பாவும் பேத்தியும் கொடியைப் பற்றி வாதாட இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கிறது.

தவறுகள் இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறோம். அல்லாஹ் எமது நாட்டுக்கு அமைதியையும், எமது பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் தருவானாக. ஆமீன்.